மாணவர் வகுக்கும் விண்வெளிச் சோதனைகள்

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்கள் விண்வெளியில் நடத்தற்குரிய அறிவியல் சோதனைகளைத் தாமே வகுத்து அனுப்புகின்றனர் என்று கூறினால் நம்மவருள் பலர் வியப்படைவர். விண்வெளிப் பயணம் என்றதும் நம் நினைவுக்கு வருவன பெரும்பொருட் செலவும், பெரிய அரசுகளும், பல்லாண்டு பயின்ற அறிஞர்களுமே ஆகும். பதினாறு வயது மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயினும் இம்முயற்சி அரை நூற்றாண்டாக நடைபெற்று வருகிறது. அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளிலும் பரவி, இந்த நூற்றாண்டில் தமிழகத்து அரசுப் பள்ளிகளையும் எட்டியிருக்கிறது.

இவ்வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்துகொள்வது இரு காரணங்களால் நன்று. நம் பிள்ளைகளுக்கும் இத்தகைய வாய்ப்பு எட்டாக்கனி அன்று என்பது ஒன்று. மாணவர் சோதனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கினால், அவற்றின் தரம் மாணவன் கேட்ட கேள்வியைப் பொறுத்தே அமைகிறது என்பது மற்றொன்று. சிறிய கேள்வியைப் பெரிய ராக்கெட் உயர்த்துவதில்லை. நல்ல கேள்வி கேட்கும் பழக்கமோ இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் திடீரெனத் தோன்றுவதன்று. அது தொடக்கப் பள்ளியில் வேர்கொள்வது. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை, தமிழில் வேர்கொள்வது.

எடையின்மை என்பது யாது?

விண்வெளிச் சோதனை எதற்கு என்பதை உணர, முதலில் ஒரு பொதுவான பிழையைக் களைதல் வேண்டும். விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லை என்றும், ஆதலின் பொருள்கள் மிதக்கின்றன என்றும் பலர் எண்ணுகின்றனர். அனைத்துலக விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அவ்வுயரத்தில் புவியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருக்கிறது. ஈர்ப்பு அறவே இல்லையாயின் நிலையம் புவியைச் சுற்றாது. நேர்கோட்டில் விலகிப் போய்விடும்.

பின் ஏன் மிதக்கின்றனர்? நிலையமும், அதனுள் இருக்கும் மனிதரும், அவர்தம் பேனாவும், குடிநீரும் எல்லாம் ஒருங்கே விழுந்துகொண்டிருக்கின்றன. விழும்போதே மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டிலும் செல்கின்றன. விழுந்த அளவுக்குப் புவியின் தரையும் வளைந்து கீழே போய்விடுவதால், அவ்வீழ்ச்சிக்கு முடிவில்லை. ஒருங்கே விழும் பொருள்கள் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. தரையை அழுத்தாத கால் எடையை உணர்வதில்லை. இதனையே எடையின்மை என்கிறோம். அம்பாங் மலைச்சரிவில் நின்று, விடியற்கு முன்போ அந்தி மயங்கியபின்போ தெளிந்த வானத்தை நோக்குவோர் சிற்சில நாளில் ஓர் ஒளிப்புள்ளி ஓசையின்றி விரைந்து கடப்பதைக் காணலாம். அதுவே அந்நிலையம். ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு முறை அது புவியைச் சுற்றி வருகிறது.

எடை நீங்கிய இடத்தில் நாம் இயல்பு என்று கருதும் பலவும் மாறிவிடுகின்றன. சேறு கலந்த நீர் தெளிவதில்லை. மண் அடியில் படிய வேண்டுமெனில் எடை வேண்டும். சூடான காற்று மேலெழுவதில்லை. ஆதலின் சுடர் நீண்டு கூராக எரியாமல் உருண்டையாக எரிகிறது. நீரில் தோன்றும் குமிழி எத்திசையில் ஏறுவது என்று அறியாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. புவியில் நாள்தோறும் காண்பவற்றுள் எவை எடையால் நிகழ்வன, எவை பிற காரணங்களால் நிகழ்வன? இவ்வொரு கேள்வியே மாணவர் விண்வெளிச் சோதனைகள் அனைத்திற்கும் தாய்.

சிலந்திக்கு எடை தெரியுமா?

அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமாகிய ஸ்கைலாப் 1973 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் நாள் ஏவப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், நாசா நிறுவனமும் அந்நாட்டு அறிவியல் ஆசிரியர் சங்கமும் இணைந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் சோதனைக் கருத்துகளைக் கேட்டன. 3,409 கருத்துகள் வந்தன. அவற்றுள் 25 தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆசிரியர் சங்கம் இதில் சரிபங்கு கொண்டது என்பது நாம் கருதத்தக்கது. அறிவிப்பு வகுப்பறைகளுக்குச் சென்றது ஆசிரியர் வழியாகவே.

தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் பெரும்புகழ் பெற்றது மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டன் நகர மாணவி ஜூடித் மைல்ஸ் வகுத்த சோதனையாகும். சிலந்தி வலை பின்னும்போது தன் உடலெடையை உணர்ந்து அதற்கேற்ற பருமனில் நூல் விடுகிறது. வலையைத் தொடங்குதற்குக் காற்றையும் எடையையும் துணைகொள்கிறது. அவ்வாறாயின் எடையே இல்லாத இடத்தில் அது வலை பின்னுமா? இதுவே அம்மாணவியின் கேள்வி. வீட்டு மூலையில் ஒட்டடை அடிக்கும் எவரும் கேட்டிருக்கக் கூடிய கேள்விதான். ஆனால் அவர் ஒருவரே கேட்டார்.

அராபெல்லா, அனிதா என்னும் பெயரிட்ட இரு சிலந்திகள் 1973 சூலைத் திங்களில் புறப்பட்ட வீரர்களுடன் ஸ்கைலாப் நிலையத்திற்குச் சென்றன. விண்வெளி வீரர் ஓவன் கேரியட் அராபெல்லாவைக் கூண்டில் விட்டபோது அது கால் பற்றும் இடம் தெரியாமல் நீந்துவதுபோல் தத்தளித்தது. முதலில் பின்னிய வலை ஒழுங்கற்றுக் கிடந்தது. பின்னர்ச் சிறிது சிறிதாகத் தேர்ந்து, புவியில் பின்னுவதைப் போன்ற வட்ட வலையைப் பின்னியது. நூலை ஆராய்ந்தபோது, விண்வெளியில் விட்ட நூல் மெல்லியதாகவும், பருமன் இடத்துக்கிடம் வேறுபட்டதாகவும் இருந்தமை தெரிந்தது. எனவே, மாணவியின் கேள்விக்கு இரு பகுதியாக விடை கிடைத்தது. எடையின்றியும் சிலந்தி வலை பின்னும். ஆனால் எடை இன்மையை நூல் காட்டிக்கொடுக்கும். அவ்விரு சிலந்திகளும் நெடுநாள் வாழவில்லை. உடலில் நீர் வற்றியமையே காரணமென ஆய்ந்தோர் கருதினர். உயிர்களை அனுப்பும் சோதனையில் அவற்றுக்கு நீரும் உணவும் எவ்வாறு கொடுப்பது என்பதும் சோதனையின் ஒரு பகுதியே என்பதை இது பின்வந்தோர்க்கு உணர்த்தியது.

அதே நிலையத்தில் மாணவர் கருத்தின்படி நெல் விதைகளும் முளைக்க விடப்பட்டன. நம் வயலில் எவ்வாறு போட்டாலும் நெல்லின் வேர் கீழ்நோக்கியும் முளை மேல்நோக்கியும் செல்லும். அங்கே மேல், கீழ் என்பனவே இல்லை. முளைகள் திசையறியாமல் கோணலும் மாணலுமாய் வளர்ந்தன. வேர்நுனியில் உள்ள உயிரணுக்களுள் மாவுப்பொருள் மணிகள் எடையால் அடியில் படிகின்றன. அவை படிந்த பக்கமே கீழ்ப்பக்கம் என்று வேர் அறிகிறது. எடை நீங்கினால் அம்மணிகள் படிவதில்லை. வேர் திசை தடுமாறுகிறது.

சிறு பெட்டியின் பெருங்கட்டளைகள்

கேள்வி நன்றாயிருந்தால் மட்டும் போதாது. அது ஒரு சிறு பெட்டிக்குள் அடங்க வேண்டும். பெட்டியின் எடை, நீள அகலம், அது கொள்ளும் மின்சாரம் ஆகியன முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். தீப்பற்றக் கூடியதும், நச்சுக் காற்று வெளிவிடுவதும், ஒழுகுவதும் சேர்க்கப்படா. புறப்படும்போது ராக்கெட் கொடுக்கும் அதிர்வைத் தாங்க வேண்டும். விண்வெளி வீரரின் நேரம் அரிது; ஆகவே சோதனை கூடியவரை தானே நடைபெறுமாறு அமைதல் வேண்டும்.

இவற்றினும் கடுமையானது காத்திருத்தல். ராக்கெட் குறித்த நாளில் புறப்படும் என்பதற்கு உறுதியில்லை. 1984 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 1 கோடியே 25 இலட்சம் தக்காளி விதைகள் ஒரு பெரிய துணைக்கோளில் வைத்து அனுப்பப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டில் திரும்பவேண்டிய அத்துணைக்கோள், பயணத் திட்டங்கள் மாறியதாலும் 1986 ஆம் ஆண்டின் சேலஞ்சர் விபத்தினாலும் 1990 சனவரியில்தான் மீட்டுக் கொணரப்பட்டது. ஏறக்குறைய ஆறாண்டு விண்ணில் இருந்த அவ்விதைகள் பள்ளி மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றுடன் புவியிலேயே வைத்திருந்த விதைகளும் தரப்பட்டன. இரண்டையும் அருகருகே விதைத்து மாணவர்கள் ஒப்பிட்டனர்.

அத்தரை விதைகளே சோதனையின் உயிர்நாடி. விண்ணுக்குச் சென்ற விதை நன்றாக முளைத்தது என்றால் மட்டும் நாம் ஒன்றும் அறிந்தவராகோம். எதனைக் காட்டிலும் நன்றாக? அதே வகை, அதே வயது, அதே நீர், அதே வெப்பம் உடையதாய், விண்ணுக்குச் செல்லாமை ஒன்றினால் மட்டும் வேறுபட்ட விதை பக்கத்தில் இருந்தால்தான் சொல்ல முடியும். ஆகவே ஒவ்வொரு விண்வெளிச் சோதனையிலும் பாதி புவியில்தான் நடைபெறுகிறது.

காத்திருத்தலினும் கொடிய இழப்பும் உண்டு. 2003 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் புறப்பட்ட கொலம்பியா விண்ணோடம் ஆறு நாட்டு மாணவர்களின் சோதனைகளைச் சுமந்து சென்றது. ஆஸ்திரேலிய மாணவர்கள் சிலந்திகளையும், சீன மாணவர்கள் பட்டுப்புழுக்களையும், ஜப்பானிய மாணவர்கள் சிறு மீன்களையும் அனுப்பியிருந்தனர். பிப்ரவரி முதல் நாள் அவ்விண்ணோடம் திரும்பும் வழியில் சிதைந்தது. கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிர் நீத்தனர். பறப்பின்போது தரைக்கு வந்த படங்களும் அளவுகளுமே மாணவர்களிடம் எஞ்சின. அன்றன்று கண்டதை அன்றன்றே குறித்து வைக்கும் பழக்கத்தின் அருமையை இதனினும் துயரமாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

தமிழகத்தின் முயற்சிகள்

இத்தகைய பெட்டிகளுள் மிகச் சிறிய ஒன்று தமிழகத்திலிருந்து சென்றது. கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிபாத் சாரூக் என்னும் இளைஞரும் அவர்தம் தோழர்களும், சென்னையில் திருமதி ஸ்ரீமதி கேசன் அவர்கள் நடத்தும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையோடு, கலாம்சாட் என்னும் கருவியை அமைத்தனர். அதன் எடை 64 கிராம். உள்ளங்கையில் அடங்கும் சிறு கனசதுரம். பள்ளி மாணவர்க்காக நடத்தப்பெற்ற ஓர் உலகப் போட்டியில் தேர்வு பெற்று, 2017 ஆம் ஆண்டு சூன் 22 ஆம் நாள் அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் அது சென்றது.

அக்கருவியை உலகின் மிகச் சிறிய துணைக்கோள் என்று செய்தித்தாள்கள் போற்றின. ஆசிரியர்கள் மாணவர்க்கு இங்கே ஒரு நுட்பத்தை எடுத்துரைத்தல் வேண்டும். அந்த ராக்கெட் புவியைச் சுற்றும் வேகத்தை அடையும் வகையினது அன்று. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஏறிச் சில நிமிடங்களில் மீண்டும் இறங்கிவிடுவது. ஆதலின் கலாம்சாட் புவியைச் சுற்றவில்லை. துணைக்கோள் என்னும் சொல் அதற்கு முழுதும் பொருந்தாது. இதனால் அவ்விளைஞரின் பெருமை குறைவதில்லை. கரியிழை கலந்த பொருளை முப்பரிமாண அச்சு முறையில் வார்த்துச் செய்த கூடு, ராக்கெட் பயணத்தைத் தாங்குமா என்பதே அவர் கேட்ட கேள்வி. அதற்குச் சில நிமிடப் பயணமே போதும். கேள்விக்கு ஏற்ற பயணத்தைத் தேர்ந்ததே அவர்தம் திறம்.

மெய்யாகவே புவியைச் சுற்றிய கருவி அடுத்து வந்தது. அதே அமைப்பைச் சேர்ந்த இளையோர் செய்த, 1.26 கிலோகிராம் எடையுள்ள இரண்டாம் கலாம்சாட் 2019 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் ராக்கெட்டில் சென்றது. வேலை முடிந்ததும் வெறும் பாரமாகச் சுற்றும் ராக்கெட்டின் நான்காம் பகுதியையே சோதனை மேடையாகப் பயன்படுத்தும் முறை அப்போது முதன்முதலில் கையாளப்பட்டது.

மூன்றாவது முயற்சியே மிகவும் பரந்தது. இந்திய விடுதலையின் 75 ஆம் ஆண்டை ஒட்டி, நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் பங்குகொண்ட ஆசாதிசாட் என்னும் எட்டுக் கிலோகிராம் துணைக்கோள் உருவாயிற்று. மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் அதில் பங்கு பெற்றனர். ஒவ்வொரு பள்ளியின் பங்கும் ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள ஒரு சிறு கருவி. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டு 7 ஆம் நாள், இந்திய நிறுவனத்தின் புதிய சிறு ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது ஏவப்பட்டது.

அப்பயணம் தோல்வியுற்றது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய துணைக்கோள், ஒரு புறம் 356 கிலோமீட்டரும் மறுபுறம் 76 கிலோமீட்டருமான நீள்வட்டத்தில் விடப்பட்டது. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் உராய்வு மிகுதி. துணைக்கோள் அங்கே நிலைக்க முடியாமல் விழுந்தழிந்தது.

தோல்வியின் காரணம் வகுப்பறையில் எடுத்துரைக்கத்தக்கது. ராக்கெட்டின் இரண்டாம் பகுதி பிரிந்தபோது மிகக் குறுகிய நேரம் ஓர் அதிர்வு ஏற்பட்டது. வேக மாறுதலை அளக்கும் கருவிகள் அந்நேரத்தில் தம் அளவு எல்லையைக் கடந்த அதிர்வை உணர்ந்தன. உடனே ராக்கெட்டின் கணினி, அக்கருவிகள் பழுதுற்றன என்று முடிவு செய்து, அவற்றைப் புறக்கணித்து வேறு வழியில் சென்றது. உண்மையில் கருவிகள் பழுதடையவில்லை. கண்டது சரி, கண்டதிலிருந்து செய்த ஊகம் பிழை. உற்றறிதலும் ஊகித்தலும் வெவ்வேறு என்று நம் தொடக்கப் பள்ளி அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோமே, அவ்வேறுபாட்டைக் கணினி ஒன்று மயங்கியதால் 750 மாணவியரின் உழைப்பு ஒரே நாளில் அழிந்தது.

அவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. பகுதிகள் பிரியும் முறையும், கருவியின் பழுதை முடிவுசெய்யும் முறையும் திருத்தப்பட்டன. ஆசாதிசாட் இரண்டாம் முறை செய்யப்பட்டது. 8.7 கிலோகிராம் எடையுள்ள அது 2023 ஆம் ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள் ஏவப்பட்டு, 450 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் நிலைபெற்றது. இரு பயணங்களுக்கும் இடையே ஆறு மாதமே ஆயிற்று.

மூன்று படிகள்

இம்முயற்சிகளைச் சீர்தூக்கினால் மாணவர் பங்கு மூன்று படிகளில் அமைவதைக் காணலாம். முதற்படி, விண்ணுக்குச் சென்று வந்த பொருளை வகுப்பில் ஆராய்தல். தக்காளி விதைகள் இவ்வகை. இரண்டாம் படி, பிறர் வகுத்துத் தந்த கருவியை மாணவர் அமைத்தல். ஆசாதிசாட் பெரும்பாலும் இவ்வகை. தரப்பட்ட சிறு மின்னணுப் பலகைக்கு நிரல் எழுதிச் சேர்த்தலே மாணவியர்க்கு உரிய பணியாயிருந்தது. மூன்றாம் படி, கேள்வியையே மாணவன் தான் கேட்டுச் சோதனையைத் தான் வகுத்தல். சிலந்திச் சோதனை இவ்வகை.

முதலிரு படிகளை நாம் இகழ்தல் ஆகாது. மின்னணுப் பலகையைக் கையால் தொட்டறியாத சிற்றூர் மாணவி, தான் அமைத்த கருவி விண்ணேறியதைக் கண்டால் அவள் பெறும் துணிவு சிறிதன்று. ஆனால் இரண்டாம் படியை மூன்றாம் படி என்று விளம்பரம் செய்தல் மாணவர்க்கு நன்மை தராது. மேடையும் மாலையும் நாளிதழ்ப் படமும் கிடைத்தபின், கேள்வி கேட்கும் கடினமான வேலைக்கு எவர் இறங்குவர்? எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மாணவர்க்கு உள்ளவாறே சொல்லி, அடுத்த படியைச் சுட்டுவதே ஆசிரியர் கடமையாகும்.

மலேசியாவில் உள்ள வாய்ப்பு

நம் நாட்டிற்கும் விண்வெளிச் சோதனை புதிதன்று. 2007 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள் டாக்டர் ஷேக் முசாபார் சுக்கோர் ரஷ்ய விண்கலத்தில் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குச் சென்றார். நுண்ணுயிர்கள், புற்றுநோய் உயிரணுக்கள், புரதப் படிகங்கள் ஆகியன பற்றி மலேசிய அறிஞர்கள் வகுத்த சோதனைகளை அங்கே நடத்தினார். அவை அறிஞர் வகுத்தவை. பள்ளி மாணவர் வகுத்தவை அல்ல.

பள்ளி மாணவர்க்குரிய வழி ஒன்று ஜப்பானியர் வாயிலாக உண்டு. அந்நிலையத்தில் கிபோ என்னும் ஜப்பானிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆசிய பசிபிக் நாட்டு இளையோரிடமிருந்து எளிய சோதனைக் கருத்துகளைக் கேட்டுப் பெற்று, ஜப்பானிய விண்வெளி வீரர் அங்கே செய்து காட்டும் திட்டத்தை அந்நாட்டு விண்வெளி நிறுவனம் நடத்தி வந்துள்ளது. கிபோவைப் பயன்படுத்தும் ஆசியக் கூட்டமைப்பில் மலேசியாவும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய அழைப்புக்கு ஒரு மாணவன் எழுத வேண்டியது நீண்ட ஆய்வுரை அன்று. எளிய பொருள்களைக் கொண்டு, சில நிமிடங்களில், முன்னர் விடை தெரியாத ஒன்றைக் காட்டும் கருத்தே வேண்டும்.

அஞ்சாங்கல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். விண்வெளி நிலையத்தில் கல்லை மேலே எறிந்தால் என்ன ஆகும் என்று மாணவன் கேட்டால், அது நேரே சென்று சுவரில் மோதும் என்று புத்தகமே சொல்லிவிடும். அதே ஆட்டத்திலிருந்து வேறொரு கேள்வி பிறக்கலாம். கல் திரும்பி விழும் என்று பழகிய கை, அது திரும்பாத இடத்தில் எத்தனை முறை பிழைத்தபின் திருந்தும்? முதல் கேள்வி ஒரு காட்சியைக் கேட்கிறது. இரண்டாம் கேள்வி ஓர் எண்ணைக் கேட்கிறது. அந்த எண் எந்தப் புத்தகத்திலும் ஆயத்தமாக இருப்பதன்று. வலை பின்னத் தடுமாறிப் பின் தேர்ந்த அராபெல்லாவின் கேள்வியும் இதுவே அன்றோ!

வகுப்பறையில் தொடங்கலாம்

ராக்கெட் கிட்டும்வரை காத்திருத்தல் வேண்டா. இரு எளிய சோதனைகளைத் தமிழ்ப் பள்ளி வகுப்பறையிலேயே செய்யலாம்.

முதலாவது, நெகிழிப் புட்டி ஒன்றின் அடிப்பக்கம் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தால் துளை வழியே நீர் பீச்சும். புட்டியைக் கைவிட்டால், அது விழும் நேரம் முழுதும் நீர் பீச்சாது நின்றுவிடும். புட்டியும் நீரும் ஒருங்கே விழுவதால் மேல்நீர் கீழ்நீரை அழுத்துவதில்லை. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழ முக்கால் நொடியும் ஆகாது. ஆயினும் கைப்பேசியின் மெதுநிலைப் படப்பிடிப்பில் அனைத்தும் தெளிவாகத் தெரியும். விண்வெளி நிலையத்தில் உள்ள எடையின்மையும் இந்த முக்கால் நொடி எடையின்மையும் ஒன்றே. ஐந்து மீட்டர் விழ ஒரு நொடியும், இரண்டு நொடி வேண்டுமெனில் இருபது மீட்டரும் ஆகும் என்று மாணவரே கணக்கிட்டு அறியலாம். அடுக்கு மாடியிலிருந்து எறிந்து பார்க்க ஒருவரையும் விடலாகாது. மேசைமேல் நின்று ஆசிரியர் செய்தால் போதும்.

இரண்டாவது, பச்சைப்பயறு முளைக்கும் தட்டைச் செங்குத்தாக நிறுத்தி மெதுவாகச் சுழற்றுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தாவரவியலறிஞர் சாக்ஸ் கையாண்ட முறை இது. நிமிடத்திற்கு ஒரு முறையளவில் சுழலும் சிறு மோட்டாரில், ஈரப் பஞ்சில் விதை பதித்து மூடிய தட்டைப் பொருத்த வேண்டும். எடையை இது நீக்குவதில்லை. எந்தப் பக்கம் கீழ் என்பதை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பதால் வேர் ஒரு திசையைப் பற்றிக்கொள்ள முடிவதில்லை. பக்கத்தில் அதே போன்ற மற்றொரு தட்டைச் சுழற்றாமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இரண்டையும் இருட்டில் வைத்தல் இன்றியமையாதது; ஒளியும் முளையை இழுக்கும் ஆதலின். சில நாளில் நின்ற தட்டின் வேர்கள் ஒருமுகமாகக் கீழே செல்வதையும், சுழன்ற தட்டின் வேர்கள் பலதிசை நோக்குவதையும் காணலாம்.

இங்கே சுழற்சி தற்சார்பு மாறி. வேரின் திசை சார்பு மாறி. விதை வகை, நீரளவு, இருள், வெப்பம் என்பன கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இச்சொற்களை நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவர். தேர்வுத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும் சொற்களாக அவை நின்றுவிடுகின்றன என்பதே நம் குறை. பயற்றங்காய் வேரைப் பார்த்து அளந்து, எதிர்பார்த்ததை முன்னரே எழுதிவைத்து, கண்டதனோடு ஒப்பிட்ட பிள்ளைக்கு அச்சொற்கள் கருவிகளாகிவிடும்.

தமிழாசிரியரின் பங்கு

இது அறிவியல் ஆசிரியர் வேலை, தமிழாசிரியர்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் தமிழ்ப் பள்ளி மாணவன் ஆறாண்டு பயின்றபின், இடைநிலைப் பள்ளியில் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கிறான். 2003 ஆம் ஆண்டிலிருந்து சில காலம் தொடக்கப் பள்ளியிலேயே அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதையும் நாம் கண்டோம். பாடமொழி மாறும்போது கலைச்சொற்கள் மாறும். தற்சார்பு மாறி என்பதற்கு வேறு சொல்லை ஒரு வாரத்தில் அவன் கற்றுக்கொள்வான். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தைப் பதினாறு வயதில் புதிதாகக் கற்பது அரிது. அவ்வெண்ணம் அவனுக்குத் தெளிந்த மொழியில் முன்னரே பதிந்திருக்க வேண்டும்.

மேலும், சோதனைக் கருத்தை எழுதுவதும் கட்டுரைப் பயிற்சியே. கேள்வி ஒரு தொடர், எதிர்பார்ப்பு ஒரு தொடர், செய்முறை ஐந்தாறு தொடர், தரையில் ஒப்பிடும் முறை ஒரு தொடர் என்று ஒரு பக்கத்தில் அடங்க எழுதுதல் வேண்டும். “ஏன்”, “எவ்வாறு”, “எத்தனை” என்னும் வினாச் சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை இலக்கண வகுப்பில் கற்பிக்கும் நாம், “சிலந்தி ஏன் வலை பின்னுகிறது?” என்பது சோதனைக்கு அடங்காத வினா என்றும், “எடை குறைந்தால் நூலின் பருமன் எவ்வளவு குறையும்?” என்பது அடங்கும் வினா என்றும் காட்டலாம். “மிக நன்றாக வளர்ந்தது” என்று எழுதிய மாணவனிடம், “எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேட்டுத் திருத்துவது மொழித் திருத்தமும் அறிவியல் திருத்தமும் ஆகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பள்ளிகள் பல இருக்கின்றன. அறிவியல் விழாக்களிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பங்குகொண்டு பரிசும் பெறுகின்றனர். கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் 1994 ஆம் ஆண்டு முறையாகத் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கிற்கு மாணவரை அழைத்துச் செல்லும் பள்ளிகளும் உண்டு. அங்கே சென்று திரும்பும் மாணவர்களிடம் வழக்கமாகச் சுற்றுலாக் கட்டுரை எழுதப் பணிக்கிறோம். அதற்கு மாற்றாக, விண்வெளியில் செய்து பார்க்க விரும்பும் ஒரு கேள்வியை ஒவ்வொருவரையும் எழுதப் பணிக்கலாம். நாற்பது பேர் எழுதினால் முப்பதுக்குப் புத்தகத்திலேயே விடை இருக்கும். எஞ்சிய பத்தை வகுப்பே ஆராய்ந்து, பெட்டிக்குள் அடங்குவனவாகத் திருத்தலாம். ஸ்கைலாப் நிலையத்திற்கு வந்த 3,409 கருத்துகளுள் தேறியவை 25 மட்டுமே. ஆதலின் நம் வகுப்பில் ஒன்றிரண்டு தேறினும் குறைவன்று. அவ்வாறு தேறிய கேள்விகளை மாணவன் பெயரோடு ஓர் ஏட்டில் குறித்துவைத்து, அவன் படிவம் நான்கு எட்டும்போது அவனிடம் கொடுக்கலாம். அப்போது எந்த மொழியில் அழைப்பு வந்தாலும் எழுதுவதற்கு அவனிடம் ஒரு கேள்வி ஆயத்தமாக இருக்கும்.